மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படம்

பந்தயம் மதியச் சாப்பாட்டில் தொடங்கியது.
ஜெரால்டு சொன்னான்:
அந்தக் காலத்து வீடியோ கேம்களில்
புதிதாக ஒரு மண்ணும் இல்லை.
மேஜைமேல் ஆடிய டென்னிஸைத்
திரைக்குள் தள்ளினார்கள்.
பெட்டியில் அடுக்கிய மரத்துண்டுகளை
மேலிருந்து விழவிட்டார்கள்.
துரத்துவது ஓடிப்பிடித்து.
குதிப்பதா? தவளையிடம் கேள்.

நான் கேட்டேன்:
குதித்த தவளை
நடுவானில் மனம் மாறித் திரும்புமா?

தோற்றவர் மற்றவரின் பிழைப் பட்டியலை
ஒரு வாரம் சுமக்க வேண்டும் என்று முடிவானது.
என்னிடம் நாற்பத்தொரு பிழைகள்,
அவனிடம் ஆறு.
ஆகவே எனக்கு
உண்மைமேல் திடீரென்று பெரிய பற்று.

சனிக்கிழமை எஸ்.பி. ரோடு.
அல்சூரிலிருந்து ஆட்டோவில் முக்கால் மணி நேரம்,
அதில் அரை மணி டவுன்ஹால் சிக்னல்.
ஒயர்ச் சுருள்களுக்கும்
கிலோ கணக்கில் விற்கும் சர்க்யூட் போர்டுகளுக்கும் நடுவே
நூருல்லாவின் கடை.
இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்பார்.
அவன் என்னைவிட இளையவன்,
போனிலிருந்து தலையைத் தூக்காமல்
ஒரு மஞ்சள் கேட்ரிஜை நகர்த்தினான்.
மேலே அச்சு: 9999 ஆட்டங்கள்.

எண்ணினேன்.
நூற்றுப் பன்னிரண்டு வரைதான் பொறுமை இருந்தது.
முதலாவதும் எட்டாவதும் ஒன்றே,
எட்டாவது மூன்றாம் கட்டத்தில் தொடங்கும், அவ்வளவுதான்.
பதினைந்தில் வானம் கறுப்பு.
இருபத்திரண்டில் அதே ஆள்
இரண்டு மடங்கு உயரம் எம்புகிறான்,
பெயர் மட்டும் நிலாப் பயணம்.
மொத்தம் ஏழே ஆட்டம்,
மீதியெல்லாம் ஞானஸ்நானம்.

இதைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்,
ஜெரால்டு ஜெயித்துவிடுவான்.
போனைப் பைக்குள் போட்டேன்.

போட்டுவிட்டு நிமிர்ந்தபோது
புதரைத் தாண்டிக் குதித்தவன்
ஒரு கணம் மேகத்துக்கு அருகில் இருந்தான்.
மேகத்தின் மூன்று புடைப்பும்
புதரின் மூன்று புடைப்பும் ஒன்று.
வெள்ளை பூசினால் வானம்,
பச்சை பூசினால் தரை.

சில்லில் இன்னொரு படத்துக்கு இடமில்லை.
யாரோ ஒருவர்
நடு ராத்திரியில் கண் எரிய உட்கார்ந்து
புதரைப் பிடுங்கி வானத்தில் நட்டிருக்க வேண்டும்.
அவருக்கு என்ன பெயர் வைப்பது,
கண்டுபிடித்தவரா, மிச்சம் பிடித்தவரா?

அடுத்த ஆட்டத்தைத் தட்டினேன்.
வரிசை வரிசையாக இறங்கும் பூச்சிகள்.
சுடச் சுட அவற்றுக்கு வேகம் கூடும்,
கடைசி ஒன்று வெறிபிடித்தாற்போல் வரும்.
அதை யாரும் திட்டமிடவில்லை என்று படித்திருக்கிறேன்.
வரைய வேண்டிய பூச்சிகள் குறையக் குறைய
இயந்திரத்துக்கு மூச்சிரைப்பு நின்றது,
ஓட்டம் பிடித்தது.

பிழை.
அன்று நான் அங்கே வேலையில் இருந்திருந்தால்
எழுதியிருப்பேன்: வேகம் சீராக இல்லை.
முன்னுரிமை: உயர்.
உடனே திருத்தவும்.
கடைசிப் பூச்சி இறங்கும்போது
தொண்டைக்குள் ஏறும் அந்தப் பயத்தை
வெள்ளிக்கிழமை மாலைக்குள்
தீர்த்துக்கட்டியிருப்பேன்.

கேட்ரிஜ் இருநூற்றைம்பது ரூபாய்.
பேரம் பேசவில்லை.

திங்கட்கிழமை
ஜெரால்டிடம் தோற்றேன் என்றேன்.
அவன் நம்பவில்லை,
இரண்டு முறை சொல்ல வைத்தான்.
பிறகு ஆறு பிழைகளையும் கொடுத்துவிட்டு
டீ குடிக்கப் போனான்.

ஆக நாற்பத்தேழு.
ஒவ்வொன்றையும் தனியே நிறுத்தி
முகத்தைப் பார்க்கிறேன்.
பெரும்பாலும் வெறும் பிழைதான், சந்தேகமில்லை:
கதவுக்குள் சிக்கும் முழங்கை,
தண்ணீரில் நனையாத நாய்.

இருபத்துமூன்றாவது:
பாலத்தின் விளிம்பைத் தாண்டிய பிறகும்
கண்ணிமைக்கும் நேரம்
குதிக்க முடிகிறது.

இன்னும் மூடவில்லை.
மணி ஏழரை, தளத்தில் பாதி விளக்கை அணைத்துவிட்டார்கள்.
காலடியில் ஒன்றுமில்லாமல்
திரும்பத் திரும்பக்
குதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.